கவிழ்த்த ‘ட’, கவிழ்த்த ‘ப’: சுங்கை சிப்புட்டில் குழந்தையின் வயிறு நீவக் கற்றுத்தரும் ஒரு வீடு

மலேசியாவில் ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஒரு தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) மூலை வீட்டு முன்கூடத்தில், கைக்குழந்தைக்கு வயிறு நீவிவிடும் முறையைத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தோட்டத்து லயங்களை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சொல்லித்தான் அவரிடம் போகின்றன. முதல் அமர்வு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், அதற்கு 60 வெள்ளி (ரிங்கிட்). மறுபடி போனால் 35 வெள்ளி. மலச்சிக்கலுக்காக நாங்கள் மூன்று முறை போனோம். அங்கே எங்களுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பதை இதே கவலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் மகன் முதல் எட்டு வாரமும் தாய்ப்பால் மட்டுமே குடித்தான். 98 நாள் பிரசவ விடுப்பு முடிவதற்குள் பழக்கிவிட வேண்டும் என்று ஒன்பதாவது வாரத்தில் பால்மாவைத் தொடங்கினோம். அதுவரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இளக்கமாகப் போய்க்கொண்டிருந்தவன், நான்கு நாளுக்கு ஒரு முறை, அதுவும் ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாகப் போகத் தொடங்கினான். அவன் முக்கி முக்கி முகம் சிவந்து, கால்களை விறைத்துக்கொண்டு அழுததைப் பார்த்துக்கொண்டு இருக்க எங்களால் முடியவில்லை.

அந்த அவசரத்தில் நாங்கள் முதலில் அழைத்தது, வீட்டுக்கே வந்து நீவிவிடும் வேறொருவரை. வந்தவர் எதையும் விசாரிக்கவில்லை. பால் குடித்துப் பத்து நிமிடம்கூட ஆகாத பிள்ளையைக் கால்மேல் போட்டு, மூக்கை எரிக்கும் தைலத்தை வயிற்றில் தேய்த்து, தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தினார். குடித்த பால் முழுவதும் வெளியே வந்தது; மலம் வரவில்லை. என் கணவர்தான் குறுக்கிட்டு நிறுத்தச் சொன்னார். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்கள் கைக்குழந்தைக்கு ஆகாதவை. தோல் வழியாக உள்ளே ஏறும் கற்பூரம் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடக்கூடும். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இவற்றில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அவர்களின் சிவப்பணுக்கள் எளிதில் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். நம் நாட்டு மருத்துவமனைகள் குழந்தை பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்து, குறைபாடு இருந்தால் அந்துருண்டை, கற்பூரம் போன்றவற்றை வீட்டில் வைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புவது இதனால்தான்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “மிஸ்ஸிகிட்ட காட்டிட்டீங்களா?” என்பது. மிஸ்ஸி என்றால் கிளினிக் தாதி. அரசாங்கக் கிளினிக்கில் பிள்ளையைக் காட்டி, எடையும் வயிறும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே நேரம் கொடுப்பதாகச் சொன்னார். அன்று எனக்கு அது வீண் அலைச்சலாகப் பட்டது. பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் கருமலம் போகாத குழந்தை, வயிறு உப்பி இறுகிக் கிடக்கும் குழந்தை, பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, மலத்தோடு இரத்தம் போகும் குழந்தை ஆகியோருக்கு உடனே வேண்டியவர் மருத்துவர் என்பதையும், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் சில பிள்ளைகள் பிறப்பதையும், ஹிர்ஷ்ஸ்பிரங் எனப்படும் அந்த நோய்க்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் நீவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்தானது. வாசலிலேயே இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவரிடம் பிள்ளையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

முதல் அமர்வில் இருபது நிமிடம் வரைக்கும் அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. பிள்ளையின் கிளினிக் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி எடைக்கோட்டையும் ஜி6பிடி குறிப்பையும் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை சிறுநீர்த் துணி நனைகிறது, மலம் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது பால் குடித்தான் என்று கேட்டார். பிறகு பால் டின்னைப் பற்றிப் பேச்சு வந்தது. கிளினிக்கில் மருத்துவரும் பால் சரியாகக் கலக்கிறோமா என்று கேட்டிருந்தார். சரியாகத்தான் கலக்கிறோம் என்று நானும் பதில் சொல்லியிருந்தேன். அக்கா அந்தப் பதிலோடு விடவில்லை. பகலில் பால் கலக்குவது யார் என்று விசாரித்து, எங்களோடு வந்திருந்த என் மாமியாரிடம் புட்டியையும் டின்னையும் கொடுத்தார். “நீங்க வீட்டுல எப்படிக் கலப்பீங்களோ அப்படியே கலந்து காட்டுங்கம்மா.”

எங்கள் பால்மாவுக்கு 30 மில்லிலிட்டர் நீருக்கு மட்டமாக வழித்த ஒரு கரண்டி என்பது கணக்கு. 120 மில்லிலிட்டருக்கு அத்தை போட்டது கும்பாச்சியாக ஐந்து கரண்டி. பிள்ளைக்கு வயிறு நிறையட்டும் என்ற அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கையில் காசில்லாத காலத்தில் கெட்டிப்பாலை நீர்க்கக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தோட்டத்துத் தாய்மாரின் மகள் அவர். பேரனுக்காவது பால் திக்காக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் மாவு கூடினால் பிள்ளையின் உடம்புக்குப் போகும் நீர் குறைகிறது, மலம் காய்கிறது, சிறுநீரகத்துக்கும் சுமை ஏறுகிறது. அக்கா இதை அத்தையின் மனம் நோகாதபடி, குற்றம் என்ற சொல்லே வராமல் எடுத்துச் சொன்னார். முதலில் நீரை அளந்து ஊற்ற வேண்டும், பிறகு மாவு. கரண்டியை அமுக்கி நிரப்பக் கூடாது, கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். சாமர்த்தியமான கைகள் பல இடங்களில் கிடைக்கும். இப்படி நேரில் கலக்கச் சொல்லிப் பார்க்கும் பொறுமைக்குத்தான் நான் அந்த 60 வெள்ளியைக் கொடுத்ததாக நினைக்கிறேன்.

அங்கே கேட்ட இன்னொரு செய்தி செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் கணவரை யோசிக்க வைத்தது. பால்மாவுக்கு மாறியதுமே மலம் கெட்டிப்படுவதற்கு அளவு மட்டும் காரணமில்லை. பல பால்மாக்களில் கொழுப்புக்காகச் செம்பனை எண்ணெயின் ஓலின் என்னும் திரவப் பகுதி சேர்க்கப்படுகிறது. அதிலிருந்து பிரியும் பால்மிட்டிக் அமிலம் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத சவர்க்காரம் போலாகி மலத்தை இறுக்குகிறது. தாய்ப்பாலிலும் அதே அமிலம் உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறின் நடுவிடத்தில் அமைந்திருப்பதால் அப்படிப் பிரிவது குறைவு. இதற்காகப் பயந்து டின்னுக்கு டின் மாற்ற வேண்டியதில்லை என்றும், அளவைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மலம் இறுகியே இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம் என்றும் அவர் சொன்னார். எனக்கு அது சரியான அறிவுரையாகவே பட்டது.

பிறகுதான் நீவும் பாடம் தொடங்கியது. பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், தொப்புள் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிள்ளை விழித்துச் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். வாசனை எதுவும் சேராத தேங்காய் எண்ணெய் நான்கைந்து சொட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, முதலில் கையை வயிற்றின்மேல் அசையாமல் வைக்கச் சொன்னார். பிள்ளை உடம்பைத் தளர்த்துகிறானா, முறுக்கிக்கொள்கிறானா என்று அந்த அரை நிமிடத்தில் கைக்குத் தெரிந்துவிடும். முறுக்கிக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். பெருங்குடல் பிள்ளையின் வலது இடுப்பருகே தொடங்கி மேலே ஏறி, விலா எலும்புக்குக் கீழே குறுக்கே போய், இடது பக்கமாக இறங்குகிறது. ஆகவே கை கடிகார முள் போகும் திசையில்தான் போக வேண்டும்.

இதைப் பல இடங்களில் ஆங்கில எழுத்துகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அக்கா தமிழ் எழுத்துகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளையின் கால்கள் நம் பக்கம் இருக்கும்படி படுக்கவைத்து, நமக்கு வலக்கைப் பக்கம் விலாவுக்குக் கீழிருந்து இடுப்பு வரை ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். அது இறங்கும் வழியைத் திறப்பது. வாசல் அடைத்திருக்கும்போது பின்னாலிருந்து தள்ளிப் பயனில்லை என்று காரணமும் சொன்னார். அடுத்தது கவிழ்த்த ‘ட’: இடமிருந்து வலமாகக் குறுக்கே போய், அதே வழியில் கீழே இறங்குவது. கடைசியாகக் கவிழ்த்த ‘ப’: நமக்கு இடப்பக்கம் கீழிருந்து மேலே ஏறி, குறுக்கே போய், வலப்பக்கமாக இறங்குவது. ஒவ்வொன்றும் ஆறு முறை. விரல்களின் தட்டையான பகுதியால், பழுத்த பப்பாளியை அழுத்தினால் எவ்வளவு குழியுமோ அவ்வளவே அழுத்தம். நடுநடுவே இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றோடு மெல்ல ஒட்டவைத்து ஐந்தாறு விநாடி பிடித்துவிட்டு விடுவது, சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை மாற்றி மாற்றி ஆட்டுவது. மொத்தமே பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. அவர் தன்னிடமிருந்த துணிப் பொம்மையில்தான் செய்து காட்டினார். பிள்ளையின்மேல் செய்தது முழுவதும் என் கைகள்தான். வீட்டுக்கு வந்து அந்த மூன்று கோடுகளை நினைவுபடுத்திக்கொள்ள எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

அத்தைக்கு ஒரு கேள்வி இருந்தது. விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பை ஆசனவாயில் வைத்தால் உடனே போகுமே, அதை ஏன் செய்யக் கூடாது? போகும் என்பதை அக்கா மறுக்கவில்லை. ஆனால் காம்பு மெல்லிய சவ்வைக் கீறிவிடக்கூடும், அடிக்கடி வைத்தால் தூண்டினால்தான் முக்குவது என்று பிள்ளை பழகிவிடும் என்றார். விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைப்பது, ஆறு மாதத்துக்கு முன் ஓமத் தண்ணீர் கொடுப்பது ஆகிய எதையும் அவர் ஆதரிக்கவில்லை. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். பாட்யூலிசம் எனப்படும் அந்த நஞ்சேற்றத்தின் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முதல் நாள் நீவியதும் காற்று நிறையப் பிரிந்தது, அழுகை குறைந்து நன்றாகத் தூங்கினான், மலம் போகவில்லை. பால் அளவைத் திருத்திய மூன்றாம் நாள் களிம்பு போல மென்மையாகப் போனான். அதிலிருந்து இன்று வரை, ஆறு வாரமாக, உருண்டையாகப் போகவே இல்லை. இதில் நீவியதன் பங்கு எவ்வளவு, கரண்டியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பெரும்பங்கு கரண்டிக்கே என்று சொல்வேன். கைக்குழந்தையின் மலச்சிக்கல் நீவுவதால் மட்டும் தீரும் என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை. காற்றைப் பிரிக்கவும், விறைத்த வயிற்றைத் தளர்த்தவும், முக்கத் தெரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு ஆறுதல் தரவும் அது உதவுவதை நான் தினமும் பார்க்கிறேன். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

எங்களோடு அன்று வந்திருந்த இன்னொரு தாயை அக்கா பணம் வாங்காமலே திருப்பி அனுப்பினார். இரண்டு மாதப் பிள்ளை, தாய்ப்பால் மட்டும் குடிப்பவள், ஆறு நாளாகப் போகவில்லை. வயிறு மென்மையாக இருந்தது, பால் நன்றாகக் குடிக்கிறாள், எடையும் ஏறியிருக்கிறது. ஆறு வாரம் கடந்த தாய்ப்பால் பிள்ளைகள் ஒரு வாரம்கூடப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு இளக்கமாகப் போவது இயல்பு. அது மலச்சிக்கல் ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடம் அழுது முக்கிக் கடைசியில் இளக்கமாகவே போகும் பிள்ளைகளும் அப்படித்தான். வயிற்றை முக்கும்போது அடித்தசையைத் தளர்த்த வேண்டும் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. சில வாரங்களில் தானாகப் பிடிபடும்.

குறைகளும் உண்டு. எல்லாரிடமும் “ரெண்டு நாள்ல கட்டாயம் போகும்” என்று அவர் உறுதி சொல்வது சரியில்லை. அதை நம்பி, போகாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் காத்திருக்கக்கூடும். லாவண்டர் வாசனை சேர்த்த எண்ணெய்ப் புட்டியை 28 வெள்ளிக்கு விற்கிறார். வாசனை வேண்டாம் என்று பாடத்தில் சொல்லிவிட்டு அதை விற்பது பொருந்தவில்லை, நாங்கள் வாங்கவில்லை. சொல்லிக்கொடுத்ததை எழுதிய தாள் ஒன்று கொடுத்தால் நன்றாக இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம், ஆண்களை உள்ளே விடாததுதான். மற்றத் தாய்மார் பால் கொடுக்கும் இடம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் என் கணவர். அவர் வெயிலில் காருக்குள் காத்திருந்துவிட்டு, வீட்டில் என்னிடம்தான் கற்றுக்கொண்டார். வாரத்தில் ஒரு மணி நேரத்தையாவது தகப்பன்மாருக்கு ஒதுக்கலாம் என்று அக்காவிடம் நேரிலேயே சொன்னேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் மாதத் தடுப்பூசி போட்ட மறுநாள் எங்கள் மூன்றாவது அமர்வு இருந்தது. பிள்ளைக்கு இலேசாகக் காய்ச்சல் என்று சொன்னதும், உடம்பு சூடாக இருக்கும்போது கை வைக்கக் கூடாது, ஊசி போட்ட தொடையைத் தொடவே வேண்டாம் என்று நாளைத் தள்ளிவைத்தார். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

போகிறவர்கள் ஒரு துண்டையும் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். பால்மா கொடுக்கிறீர்கள் என்றால் டின்னையும், அதற்குள் இருக்கும் அதே கரண்டியையும், வீட்டில் பகலில் பால் கலக்குபவர் யாரோ அவரையும் கட்டாயம் அழைத்துப்போங்கள்.