நாலாவது வால்வு மறுபடி நடக்கிறது: சுங்கை சிப்புட் வாத்தியப் பட்டறை

பித்தளை வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு தாமான் (குடியிருப்பு). அங்கே மூன்றாவது வரிசையில் ஓரடுக்கு வீடு. கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கடைசல் இயந்திரமும் நீண்ட மேசையும் இருக்கும். சுவரில் டிராம்போன் ஸ்லைடுகளும் (இழுகுழாய்கள்), பெல் என்கிற விரிந்த வாய்ப்பகுதி இல்லாத கார்னெட் ஒன்றும் (ட்ரம்பெட் மாதிரிச் சின்ன வாத்தியம்) தொங்கும். அதுதான் அடையாளம். காலை பத்துக்கு மேல் போனால் ஆள் இருப்பார். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார், அன்று போகாதீர்கள்.

நான் ஊதுவது யூஃபோனியம், சின்ன டியூபா மாதிரி இருக்கும் பித்தளை வாத்தியம். யமஹா ஒய்இபி-321, விரலால் அமுக்கும் நாலு வால்வும் மேலேயே வரிசையாக நிற்கும் மாடல். 1994-இல் இன்னொருவர் ஊதியதை வாங்கினேன், அப்போதைய என் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு முன்னால் பதினொரு வயதிலிருந்து கார்னெட். பித்தளையை உதட்டில் வைத்து ஐம்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் பழுதுபார்க்கக் கொடுத்த வாத்தியம் பழுது நீங்கி, பழைய குணம் மாறாமல் திரும்பி வந்தது இது இரண்டாவது முறைதான். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

போன நவம்பரில் எனக்குக் கற்றுக்கொடுத்த பேண்டு மாஸ்டர் தவறிப்போனார். பழைய ஆட்கள் ஒன்பது பேர் சேர்ந்து இடுகாடு வரைக்கும் வாசித்துக்கொண்டு போனோம். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் கால் வழுக்கி நான் சாலையில் விழுந்தேன், யூஃபோனியம் லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பெல் ஓரம் மடங்கியிருந்தது. அடி வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. நாலாவது வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் அமுங்க மறுத்தது. நல்லவேளையாக அது மேலேயே சிக்கி நின்றதால் காற்று போக வழி இருந்தது. மற்ற மூன்று விரலை வைத்து மிச்சத் தூரத்தை வாசித்து முடித்தேன். கீழ் சுரங்கள் எல்லாம் மேலே ஏறி நின்றன. மாஸ்டர் உயிரோடு இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பார்.

ஊதாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இரண்டாவது வால்வு அரைச் சுரம் இறக்கும், முதலாவது முழுச் சுரம், மூன்றாவது ஒன்றரை. ஒவ்வொன்றுக்கும் இருக்கும் குழாயைத் தனியாக அமுக்கும்போது சரியாக வரும்படி வெட்டியிருப்பார்கள். ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மொத்தக் குழாயும் நீண்டுவிடுகிறது, அந்த நீளத்துக்கு இரண்டு துண்டும் போதாது. சுரம் இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்காது. லண்டனில் டேவிட் பிளெய்க்லி என்பவர் 1874-இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வால்வுகளைச் சேர்த்து அமுக்கினால் காற்று திரும்பவும் வால்வு வழியாகச் சுற்றி, குறைகிற நீளத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். விலை கூடிய யூஃபோனியங்களில் அந்த ஏற்பாடு இருக்கும். என்னுடையதில் இல்லை. ஒன்றும் மூன்றும் சேர்ந்து இறக்க வேண்டிய அளவை நாலாவது ஒன்றே இறக்கும்; ஒன்று-மூன்றுக்குப் பதிலாக அதை அமுக்குவதுதான் எனக்கு இருக்கும் ஒரே வழி. அது போனால் வாத்தியத்தில் பாதி போன மாதிரி.

பட்டறைக்காரர் முன்பு ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக (இயந்திரம் பொருத்துகிறவராக) இருந்தவர். எழுபதை நெருங்குகிறார். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். எந்த வாத்தியமும் ஊதத் தெரியாது. ஆனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக என்னை ஊதச் சொன்னார். ஒரே சுரத்தை மூச்சு முட்டும்வரை பிடிக்கச் சொல்லி, பெல்லிலும் வளைவிலும் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டேகளிலும் விரல் வைத்துக்கொண்டே வந்தார். பிறகு ஒவ்வொரு ஸ்லைடையும் வால்வை அமுக்காமல் இழுத்து, அப்புறம் வால்வை அமுக்கிப் பார்த்தார். காற்று கசியாத வால்வு என்றால் 'பொப்' என்று ஒரு சத்தம் வரும். முதலாவதும் மூன்றாவதும் நன்றாகச் சத்தம் போட்டன. இரண்டாவது பேசவே இல்லை.

"இத யாரோ தேச்சிருக்காங்க தம்பி" என்றார்.

உண்மைதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இரண்டாவது வால்வு மெதுவாக எழும்புகிறது என்று தலைநகரில் ஒரு கடையில் கொடுத்தேன். பிஸ்டனை உரசு மாவு போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு வெண்ணெய் மாதிரி நடந்தது. ஒரு வருடத்தில் நடு சுரங்களெல்லாம் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டன. பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அந்த இடைவெளியை எண்ணெய்தான் அடைத்து நிற்கிறது. தேய்த்து எடுத்த உலோகம் திரும்பி வராது.

நாலாவது வால்வையும் அப்படித்தான் தேய்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். கேட்டே விட்டேன். அவர் பிஸ்டனைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் உருட்டிக் காட்டினார். நேராக ஓடியது. "பிஸ்டன்ல ஒரு கோளாறும் இல்ல. அது குடியிருக்கிற வீடுதான் கோணிருச்சு. வீட்ட நிமித்துனா அது தானா நடக்கும்."

அதைத்தான் செய்தார். விழுந்த வேகத்தில் நாலாவது குழாய் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, அதோடு பற்றவைத்திருந்த உறையையும் நெளித்திருந்தது. முதலில் ஸ்டேகளின் ஈயப்பற்றை உருக்கிக் கழற்றி, குழாயைச் சும்மா விட்டார். இழுவை போனதும் உறை பாதி தானாகவே வட்டத்துக்கு வந்துவிட்டது. மீதியை, அளவாகக் கடைந்த எஃகு உருளையை உள்ளே விட்டு, வெளியிலிருந்து மெதுவாக வழித்து வழித்துச் சரிசெய்தார். அடி வளைவில் இருந்த ஒடுக்குக்கு எஃகு உருண்டைகள். சின்னதிலிருந்து பெரியது வரை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பி, வெளியே கனமான காந்தத்தை வைத்து இழுத்துத் தேய்க்க, பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி வந்தது. நான் அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டேகளை மறுபடி பற்றவைக்கும்போது எதையும் வளைத்து, இறுக்கிப் பிடித்துப் பற்றவைக்கவில்லை. குழாய் எங்கே சுயமாக நிற்கிறதோ அங்கேயே பொருத்தினார். இறுக்கிப் பற்றவைத்த வாத்தியம் என் காதுக்கு எப்போதும் தொண்டை கட்டிய மாதிரி கேட்கும்.

மவுத்பீஸ் போகும் முதல் குழாயில் பிரஷ் விட்டு இழுத்தபோது பழுப்பாக ஒரு சேறு வந்தது. தேத்தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதிய முப்பது வருடம் அது. சேற்றுக்குக் கீழே இரண்டு இடத்தில் பித்தளை இளஞ்சிவப்பாக மாறியிருப்பதை விளக்கடித்துக் காட்டினார். துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு மிஞ்சுகிற நோய் அது. இப்போதைக்கு ஓட்டை விழாது, ஊதி முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசுங்கள் என்றார். சுடுதண்ணீர் கூடாது, அரக்கு உரிந்துவிடும். தேய்ந்த இரண்டாவது வால்வுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் போடச் சொன்னார். போட்டுப் பார்த்தேன். புகை முழுதாக விலகவில்லை, ஆனால் வித்தியாசம் கேட்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார். நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், ஈப்போவிலிருந்தோ கோலகங்சாரிலிருந்தோ வருகிறவர்களுக்கு அது பெரிய அலைச்சல். ரசீது இல்லை. பள்ளிக்கூடத்துப் பணத்தில் வேலை கொடுக்க நினைக்கும் ஆசிரியர்கள் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பற்றவைத்த இடங்களில் அரக்கு கருகிப் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. பெல் ஓரத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு மெல்லிய அலை இருக்கிறது. பாலீஷ் போட்டால் அது மறையும், பெல்லும் மெலிந்துபோகும் என்று அவரே சொன்னார். வேண்டாம் என்றேன். எல்லாம் சேர்த்து 320 வெள்ளி (ரிங்கிட்). அவர் செலவழித்த மணி நேரத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குறைவு.

எங்கள் மாஸ்டர் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பேண்டு தொடங்கியபோது சம்பளத்தில் ஆளுக்கு மாதம் ஒரு வெள்ளி பிடித்து வாத்தியம் வாங்கினார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில்தான் பயிற்சி. இங்கிலாந்தில் யார்க்ஷயர் துணி ஆலைத் தொழிலாளர்கள் 1855-லிருந்து வாசித்துவந்த பிளாக் டைக் பேண்டைப் பற்றி, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு அவர் கதை கதையாகச் சொல்வார். தொழிலாளிதான் இந்த வாத்தியத்தை வாழ வைத்தான் என்பார். பேரா மாநில கீதத்தின் மெட்டுதான் 1957-இல் தேசிய கீதமான நெகாராகூவுக்குப் போனது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1990-களில் நெகாராகூவை வேகமாக்கியபோது அவருக்கு மனசு ஆறவே இல்லை. 2003-இல் பழைய நடைக்குத் திரும்பியதும் எங்களைக் கூப்பிட்டு வீட்டு வாசலில் வாசிக்கச் சொன்னார்.

1992 அக்டோபரில் கிரைம்தோர்ப் நிலக்கரிச் சுரங்கத்தை மூடப்போவதாக அறிவித்த சில நாளிலேயே அந்தச் சுரங்கத்து பேண்டு பிரிட்டன் தேசியப் போட்டியில் முதலாக வந்தது. அடுத்த வருடம் சுரங்கம் மூடியது, பேண்டு இன்னும் வாசிக்கிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின, வாத்தியங்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போயின. பட்டறைச் சுவரில் தொங்கும் அந்தப் பெல் இல்லாத கார்னெட்டை முதல் நாளே எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வால்வு மூடியில் ஆணியால் கீறிய எண் 7. நான் பதினொரு வயதில் ஊதியது. யாரோ பழைய இரும்புக்காரரிடம் போட்டதை அண்ணன் கிலோ விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார். பெல் ஒன்று கிடைத்தால் பொருத்தித் தருகிறேன் என்றார், விலை பேசவில்லை.

உங்களில் யாரிடமாவது உடைந்த பி ஃபிளாட் கார்னெட் இருந்து, பெல் மட்டும் நன்றாக இருந்தால் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வேலைக்குக் கொடுக்கிறவர்கள் உங்கள் சொந்த மவுத்பீஸை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஊதிக் காட்டாமல் அவர் எந்த வாத்தியத்தையும் வாங்கி வைப்பதில்லை.