புளியரை டயர் கடையும் எட்டரை வயது டிரெய்லர் டயர்களும்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், புளியரைச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்பாகத் தகரக் கொட்டகையில் இயங்கும் ஒரு டயர் கடையைப் பற்றி எழுதுகிறேன். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களுக்குச் சமைப்பதற்காக, பாத்திரங்களும் அடுப்புகளும் ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லரை பொலேரோவின் பின்னால் கட்டிக்கொண்டு இந்த மலைப்பாதையில் போய்வருபவன் நான். சீசன் இரண்டு மாதம்; மீதிப் பத்து மாதமும் டிரெய்லர் வீட்டுக்குப் பின்புறம் வெயிலில்தான் நிற்கும்.

கடந்த தை மாதம் புனலூரிலிருந்து திரும்புகையில், ஆரியங்காவுக்கு அருகே வலப்பக்க டயர் வெடித்து மட்கார்டைக் கிழித்துவிட்டது. சீசன் தொடங்குமுன் ஊரிலுள்ள ஒரு கடையில் காட்டியபோது, "பட்டன் அப்படியே இருக்கு, இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா ஓடும்" என்று சொல்லிக் காற்று மட்டும் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பட்டனின், அதாவது தரையில் பதியும் வரிகளின், ஆழம் 6 மில்லிமீட்டர் இருந்தது, சட்டம் கேட்பதோ 1.6 என்பதால் நானும் நம்பினேன்.

ஸ்டெப்னியை மாட்டி மெதுவாக இறங்கிவந்து புளியரையில் நிறுத்தினேன். கடைக்காரர் வெடித்த டயரை ஒருமுறை பார்த்ததோடு சரி. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். தயாரிப்புத் தேதி பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், என் டயர்களில் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. சாக்பீஸைத் தேய்த்ததும் 2517 என்ற இலக்கங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அதாவது 2017-ஆம் ஆண்டின் 25-ஆம் வாரம். அதுவரை ஒருநாளும் தரை தொடாத ஸ்டெப்னியிலும் அதே எண்தான். ரிம்மையொட்டிக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். கோடையில் வற்றிய குளத்துத் தரைபோல ரப்பர் நுண்ணிய வெடிப்புகளாக வாய் திறந்தது. "அண்ணாச்சி, இது ஓடித் தேஞ்ச டயரு இல்ல, நின்னு செத்த டயரு" என்றார்.

அவர் விளக்கியதும் சரியே. ரப்பர் வெடிக்காமல் காக்கும் மெழுகும் மருந்தும் டயருக்குள்ளேயே கலந்திருக்கின்றன. சக்கரம் உருண்டு டயர் வளைந்து நிமிரும்போதுதான் அவை நன்றாக மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நின்ற இடத்திலேயே நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு குறைவாகவே கிடைப்பதால், வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை எளிதில் உலர்த்திவிடுகின்றன. பிரிட்டனில் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாண்டில் மாற்றுமாறும் ஏழாண்டைத் தாண்ட வேண்டாமென்றும் அறிவுரை உண்டு. நம் வெயிலுக்கு ஐந்தே போதுமென்பது என் கருத்து. வெடிப்போ வீக்கமோ தென்பட்டால் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டியதுதான்.

விலை குறைந்த கார் டயர்களை நான் கேட்டபோது அவர் தர மறுத்துவிட்டார். என் டிரெய்லருக்கு டாடா ஏஸ் வண்டிக்குப் போடும் 145 ஆர் 12 அளவில், எட்டுப் பிளை (எட்டு அடுக்குக்கு ஈடான வலிமை) டயரே பொருந்தும் என்றும், பக்கவாட்டில் 86 என்ற சுமை எண் இருந்தால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும் என்றும் காட்டினார். கையிருப்பில் இருந்த இரண்டில் ஒன்று பதினான்கு மாதம் பழையது என்பதை, நான் கேட்காமலே சொன்னவரும் அவர்தான். மறுநாள் தென்காசியிலிருந்து புதியது வரும்வரை காத்திருந்தேன். ரப்பர் வால்வுகளையும் கேட்காமலே மாற்றிவிட்டார்.

குறைகளும் உண்டு. டயருக்கு 200 ரூபாய் கூடுதல். பேலன்ஸிங் இயந்திரம் இல்லாததால் அதற்குத் தனியே தென்காசி போக வேண்டும். கேரள லாரிகள் வரிசையாக வந்துவிட்டால் சிறு வண்டிக்காரரை யாரும் கவனிப்பதில்லை. பில்லை மூன்று முறை கேட்டுத்தான் வாங்கினேன், ஆனால் அதன் பின்புறம் இரண்டு டயர்களின் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதிகளும் எழுதப்பட்டிருந்தன.