இரண்டு தெரபிஸ்ட்டுகளிடம் இரண்டு வருடம்: எங்கள் அனுபவம்

நானும் கணவரும் இரண்டு வருடமாகத் தம்பதியருக்கான தெரபிக்குப் போகிறோம். எங்களுக்கு இரண்டு தெரபிஸ்ட்டுகள்: ஒரு பெண், ஓர் ஆண். அதற்கு முன் தனி ஒருவரிடம் ஆறு மாதம் போய்ப் பாதியில் நிறுத்திவிட்டோம். செஷன் முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே, இன்று அவர் யார் பக்கம் பேசினார் என்று சண்டை தொடங்கிவிடும்.

இருவர் என்றதும் அந்தப் பெண் தெரபிஸ்ட் எனக்கு, ஆண் தெரபிஸ்ட் என் கணவருக்கு என்று நானே பங்கு பிரித்துக்கொண்டேன். 1970வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் தாம்பத்திய உறவுச் சிக்கல்களுக்கு ஆண், பெண் ஜோடியாகச் சிகிச்சை கொடுத்ததும், இருவர் மனதும் புரிய ஆள் வேண்டும் என்றுதான். ஆனால் நான் வக்கீல் தேடினேன். "உங்க கணவர் பேசும்போது நீங்க என் முகத்தையே பார்க்கிறீங்க, அவரைப் பாருங்க" என்று இரண்டாம் மாதத்தில் அந்த அம்மாவே சொன்னார். அன்று ரொம்ப வலித்தது.

எங்களை மாற்றியது வேறொரு நாள். ஆண் தெரபிஸ்ட் என் அப்பாவைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வேகமாப் போறீங்களோன்னு தோணுது" என்று அந்த அம்மா எங்கள் எதிரிலேயே அவரிடம் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, "இருக்கலாம். ஆனா இதை அப்படியே விட்டுடவும் எனக்கு மனசில்லை" என்றார். பிறகு என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டார்கள். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு மூன்று நாள் மௌனத்தில் முடிந்திருக்கும். முகம் சுளிக்காமல் இருவர் மாறுபடுவதை அவ்வளவு பக்கத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை. 1985இல் நார்வேயில் டாம் ஆண்டர்சன் என்ற மனநல மருத்துவரின் குழுவினர், செஷனை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனித்துத் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் குடும்பமே கேட்கட்டும் என்று திறந்துவிட்டதைப் பின்னால் படித்தபோது, அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

குறைகளும் உண்டு. கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நான்கு பேருக்கும் ஒத்துவரும் நேரம் கிடைப்பது பெரும்பாடு. ஒருமுறை ஒருவர் எழுதிவரச் சொன்னது மற்றவருக்குத் தெரியவே இல்லை. எழுதிப்போன கணவர் நொந்துபோனார். செஷனுக்கு முன்னும் பின்னும் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வார்களா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் நல்ல ஒருவரே போதும்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். பணப் பேச்சு மட்டும் இன்னும் தீரவில்லை, அடுத்த செஷன் அதற்குத்தான்.