எச்சில் பட்டதும் மறுபடியும் முதலிலிருந்து

ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், எந்தப் பால்பல்லும் விழாமல் வரிசையின் கடைசியில் வந்து நிற்பதால், அதையும் பால்பல் என்றெண்ணி விட்டுவிடும் வீடுகள் பல. என் மகளுக்கு அந்தப் பல் வந்ததும், நாங்கள் வசிக்கும் வெளிநாட்டில் சீலண்ட் வைத்தார்கள்; பல்லின் கடிக்கும் பரப்பில் இயல்பாகவே உள்ள பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சு அது. ஓர் ஆண்டுக்குள் கீழ்ப்பல் ஒன்றில் பெயர்ந்துவிட்டது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது முதலில் விசாரித்த மருத்துவமனையில், "சொத்தை வரட்டும், அடைத்துக்கொள்ளலாம்" என்றார்கள். வலி வந்தால்தான் பல் மருத்துவர் என்ற பழைய வழக்கத்தை மருத்துவரே சொல்லக் கேட்டது ஆற்றாமையாக இருந்தது. கடைவாய்ப்பல்லின் அந்தப் பள்ளங்கள் பிரஷ்ஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலானவை. எவ்வளவு தேய்த்தாலும் அடிவரை எட்டாது. அவற்றை மூடிவிட்டால், இரண்டு ஆண்டுகளில் கடைவாய்ப்பற்களில் வரக்கூடிய சொத்தையில் 80 சதவீதத்தைத் தடுக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது.

அடுத்துப் பார்த்த இளம் பெண் மருத்துவர், பல்லைச் சுத்தம் செய்து, அமிலக் கூழைத் தடவிக் கழுவி, காற்றடித்து உலர்த்தினார். மினுமினுப்புப் போய், பல் சுண்ணாம்பு பூசியதைப் போல் வெளுத்தது. சீலண்டாக இறுகும் பிசினான ரெசினை வைக்கப் போகும் நொடியில் மகளின் நாக்கு பல்லைத் தொட்டுவிட்டது. அப்படியே வைத்து ஒளியைக் காட்டியிருந்தால் எங்களில் எவருக்கும் தெரிந்திருக்காது. அவரோ பஞ்சுகளை மாற்றி, உதவியாளரை அழைத்து எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிக்கச் சொல்லி, அமிலம் தடவுவதிலிருந்து மறுபடியும் தொடங்கினார். "எச்சில் பட்ட இடத்தில் பிடிக்காதுங்க, சீக்கிரமே கழன்றுவிடும்" என்றார். நீல ஒளியில் இறுகிய பின், கூரிய கருவியால் ஓரங்களைச் சுற்றிச் சுற்றிச் சோதித்தார். ஊசியும் இல்லை, துளையிடலும் இல்லை. வெளிநாட்டில் எல்லாம் மளமளவென்று முடிந்தது; இந்தப் பொறுமையை அங்கே நான் காணவில்லை.

மேல்பல் ஒன்றை ஈறு இன்னும் பாதி மூடியிருந்தது. அங்கே ஈரத்தைத் தவிர்க்க முடியாது என்பதால், ஈரத்தைத் தாங்குவதும் ஃப்ளூரைடை வெளியிடுவதுமான கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு வகைப் பூச்சை இப்போதைக்கு வைத்தார். பல் முழுதாக வெளிவந்ததும் ரெசின் வைக்கலாம் என்றார்.

இவ்வளவு நேர்த்திக்குப் பிறகும் எந்தப் பல்லில் எதை வைத்தார்கள் என்ற குறிப்பு கைக்கு வரவில்லை என்பதுதான் எரிச்சல். சீலண்டை ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்த்து, தேய்ந்த இடத்தில் மீண்டும் வைக்க வேண்டும். அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அந்தக் குறிப்பு அவசியம். வற்புறுத்திக் கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்கள்.