தென்னாப்பிரிக்காவா, அர்ஜென்டினாவா: பாதிக்கப்பட்டவர்களுக்கு எங்கே நீதி கிடைத்தது?

மக்களாட்சிக்குத் திரும்பும் நாடுகளுக்கு முன்மாதிரி எது என்று கேட்டால் தென்னாப்பிரிக்காவைத்தான் முதலில் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பக்கம் நின்று பார்க்கும்போது நான் அர்ஜென்டினாவைத்தான் சொல்வேன்.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் அமர்வை நடத்தியது. நிறவெறியை எதிர்த்துப் போராடி, 1985-இல் பாதுகாப்புப் போலீசாரால் கொல்லப்பட்ட ‘கிராடாக் நால்வரில்’ ஒருவர் ஃபோர்ட் கலாத்தா. அவருடைய மனைவி நொமோண்டே சாட்சி சொல்லும்போது வெடித்து அழுதார். அந்த ஓலத்தை நாடே கேட்டது. அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆணையத்தின் ஏற்பாடு இதுதான்: முழு உண்மையைச் சொன்னால் பொதுமன்னிப்பு, இல்லையென்றால் வழக்கு. 7,000-க்கும் மேற்பட்ட மனுக்களில் 849 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது. வழக்குப் போடச் சொல்லி அனுப்பிய ஏறக்குறைய 300 கோப்புகளில் பெரும்பாலானவை தூசி படிந்தே கிடந்தன. கலாத்தா கொலையில் 1999-இல் மன்னிப்பு மறுக்கப்பட்ட ஆறு பேர்மீதும் வழக்கு நடக்கவில்லை. ஆறு பேரும் இறந்தே போனார்கள். இழப்பீட்டை ஆறு ஆண்டுகளுக்குத் தரச் சொன்னது ஆணையம். அரசோ ஒரே தடவை 30,000 ராண்ட் கொடுத்துக் கணக்கை முடித்தது.

அதே 1985-இல் அர்ஜென்டினாவில், ஆட்சியைப் பிடித்து ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் காணாமல் ஆக்கிய ராணுவத் தளபதிகள் சிவில் நீதிமன்றத்தில் நின்றார்கள். ராணுவ ஆட்சித் தலைவர் விடேலாவுக்கும் கடற்படைத் தளபதி மஸ்ஸெராவுக்கும் ஆயுள் தண்டனை. அப்புறம் எல்லாம் தலைகீழானது. 1986, 1987 சட்டங்கள் வழக்குகளை முடக்கின; 1990-இல் அதிபர் மெனெம் இருவரையும் மன்னித்து வெளியே விட்டார். காணாமல் போன பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் கேட்டுத் தலைநகரில் போராடிய, பிளாசா டி மாயோ சதுக்கத்தின் தாய்மார்களும் பாட்டிமார்களும் விடவில்லை. பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பேரக்குழந்தைகளைக் கண்டுபிடிக்க, பாட்டிகளின் ரத்த மாதிரியைச் சேமிக்கும் மரபணு வங்கி 1987-லேயே வந்தது. 1994 சட்டம் ‘கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று தனி நிலையே உருவாக்கியது. பிள்ளை செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போடாமலே ஒரு தாய் சொத்து விவகாரங்களைப் பார்க்கலாம். இதை யோசித்துச் செய்தவர்களை மனதார மதிக்கிறேன். முடக்கிய சட்டங்களை 2003-இல் நாடாளுமன்றமும் 2005-இல் உச்ச நீதிமன்றமும் செல்லாதவை ஆக்கின. விடேலா 2013-இல் சிறையிலேயே இறந்தார்.

சரி, இரண்டு நாட்டு நிலைமையும் ஒன்றல்ல. அர்ஜென்டினா ராணுவம் 1982 ஃபாக்லாண்ட் போரில் பிரிட்டனிடம் தோற்று, மரியாதை இழந்து வெளியேறியது. தென்னாப்பிரிக்காவிலோ ஆயுதத்தைக் கையில் வைத்திருந்த அரசிடம் பேசித்தான் ஆட்சியை வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மன்னிப்பு தேவைப்பட்டது என்பதை ஏற்கிறேன். மன்னிப்பு மறுக்கப்பட்டவர்களையும் சும்மா விட்டதற்கு அந்தக் காரணம் செல்லாது. 2025 ஜனவரியில் கலாத்தாவின் மகன் உள்ளிட்ட குடும்பத்தினர் அரசுமீதே வழக்குத் தொடுத்துக் கேட்பதும் இதைத்தான்.