குழந்தைக்கு ஆக்சிமீட்டர்: டெல்டாவுக்கு வாங்கியது ஒமைக்ரானுக்கு உதவுமா?

2021 கோடையில் மருந்துக்கடைகளில் அடித்துப்பிடித்து வாங்கிய, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல்நுனி ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் மருந்துப் பெட்டிக்குள் கிடக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கை முதலில் அதைத்தான் தேடுகிறது. கருவியில் குறையில்லை. ஆனால் அது பெரியவர்களின் விரலுக்காகச் செய்யப்பட்டது. நுரையீரலைக் குறிவைத்த டெல்டா வகைக் கொரோனாவுக்காக வாங்கப்பட்டது. இந்த இரண்டையும் மறந்துவிட்டு எண்ணைப் பார்த்தால் வீண் பயமும் வரும், வீண் தைரியமும் வரும்.

முதலில் விரல். கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகள் விரலைக் கடந்து மறுபக்கத்து உணரியில் விழுகின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடியோடு ஏறி இறங்கும் அந்த வித்தியாசத்தைத்தான் கருவி சதவீதமாக்குகிறது. மூன்று வயதுக் குழந்தையின் விரலைப் பெரியவர் கிளிப்புக்குள் விட்டால், ஒளியில் ஒரு பங்கு சதைக்குள் போகாமல் ஓரமாகக் கசிந்து உணரியை அடையும். திரையில் வரும் எண் தவறிவிடும், பெரும்பாலும் குறைவாக. நள்ளிரவில் 88 என்று காட்டிப் பதறவைப்பது பல நேரம் இந்தக் கசிவுதான். ஆனாலும் குழந்தை மூச்சுக்குத் திணறினாலோ சோர்ந்து கிடந்தாலோ கருவியைச் சந்தேகப்பட்டு நேரம் கடத்த வேண்டாம்.

சிறுவர்களுக்கென்று சின்ன கிளிப் விற்கிறார்கள்; அது ஏறக்குறைய இரண்டு வயதுக்கு மேல் பொருந்தும். கைக்குழந்தைக்குப் பாதத்தில் சுற்றும் பட்டை உணரிதான் சரி. வீட்டுக்கு அது அவசியமில்லை. கையில் இருப்பது பெரியவர் கிளிப் மட்டும் என்றால் கட்டை விரலிலோ கால் பெருவிரலிலோ மாட்டிப் பார்க்கலாம்.

அளக்கும்போது அழுகை நின்றிருக்க வேண்டும். கை அசைந்தால் எண் நிற்காது. ஏசி அறையில் விரல் சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குங்கள். நகப்பூச்சைத் துடைத்துவிடுங்கள், மருதாணி இட்ட விரலை விட்டு வேறு விரலை எடுங்கள். வெயிலோ பளிச்சென்ற விளக்கோ நேரே பட்டால் கையைத் துணியால் மூடுங்கள். மாட்டியவுடன் வரும் எண்ணைக் கணக்கில் கொள்ளாமல், ஒரு நிமிடம் பொறுத்து நிலையாக நிற்பதைக் குறியுங்கள். பிறகு ஒரு சோதனை: நெஞ்சில் கை வைத்து நாடியை எண்ணிப் பாருங்கள். திரையில் உள்ள நாடி எண் அதோடு ஒத்துவராவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

ஒத்துவந்தால், 94-ம் அதற்கு மேலும் சரி. 90 முதல் 93 வரை என்றால் அன்றே மருத்துவமனை. 90-க்குக் கீழே என்றால் உடனடி அவசரம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரத்தில் இயல்பான எண்ணே சற்றுக் குறையும். கருத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 பிப்ரவரியில் எச்சரித்தது. நம் பிள்ளைகளுக்கு இது முக்கியம்: 94-ஐ ஒட்டி நிற்கும் எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்.

இனி கிருமி மாறிய கதை. 2021 நவம்பரில் ஒமைக்ரான் வகைக் கொரோனா வந்தபின் தொற்றின் பாரம் நுரையீரலிலிருந்து மேல் மூச்சுக்குழாய்க்கு நகர்ந்தது. பெரியவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் சிறு குழந்தைகளின் மூச்சுப்பாதை குறுகலானது, கொஞ்சம் வீங்கினாலும் அடைக்கும். அதனால்தான் குரூப் என்னும் குரல்வளை வீக்கம் ஒமைக்ரான் அலையில் அதிகம் தென்பட்டது. குரைப்பதுபோல் இருமல், மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம். இங்கேதான் ஆக்சிமீட்டர் ஏமாற்றும்: தொண்டை பாதி அடைத்தபோதும் எண் 98-லேயே நிற்கலாம், அது இறங்கும்போது காலம் கடந்திருக்கும். குழந்தை அமைதியாக இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டால் கிளிப்பைத் தேடாமல் கிளம்புங்கள். ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பயனைவிட வெந்நீர்க் காயத்துக்கே வாய்ப்பு அதிகம்.

எனவே குழந்தைகளைப் பொறுத்தவரை செலவில்லாத கருவிக்கே எங்கள் முதலிடம்: கடிகாரம். சட்டையை விலக்கி, குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதற்குமேல் 30. இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு. காய்ச்சலும் மூச்சைக் கூட்டும் என்பதால் சூடு தணிந்தபின் மறுபடி எண்ணுங்கள். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டாலோ எந்த எண்ணும் தேவையில்லை, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

தொற்று ஆறி இரண்டு முதல் ஆறு வாரத்தில் வரக்கூடிய எம்.ஐ.எஸ்.-சி என்ற பல்லுறுப்பு அழற்சியையும் இந்தக் கருவி காட்டிக்கொடுக்காது. ஒமைக்ரானுக்குப் பின் அது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி சேர்ந்தால் முன்பு கொரோனா வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? ஆஸ்துமா, இதயக்குறை, குறைமாதப் பிறப்பு உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுச் சிறுவர் கிளிப் வாங்குங்கள். மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை. கடையிலேயே பேனாவை உள்ளே வைத்துப் பாருங்கள். நிலையாக எண் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாடி அலையைத் திரையில் காட்டும் மாதிரி நல்லது, அலை ஒழுங்காக இல்லாவிட்டால் எண்ணும் சரியில்லை என்று தெரிந்துவிடும். கைபேசி கேமராவில் ஆக்சிஜன் அளப்பதாகச் சொல்லும் செயலிகளை நம்பாதீர்கள். பழைய கருவியே போதும் என்றால் முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள்: 2021-இல் போட்ட பேட்டரி இந்நேரம் கசிந்து தகட்டை அரித்திருக்கலாம்.