பழைய ஓட்டு வீடு: புதுக்குவதா, இடித்துக் கட்டுவதா?

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு வைத்திருப்பவர்களை இந்தக் கேள்வி விடுவதில்லை.

கரிம உமிழ்வு

இடித்துக் கட்டினால்: ஒரு டன் சிமென்ட் தயாரிக்கச் சுமார் 600 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதையும்போதே வருவது. சூளைக்கு எந்த எரிபொருள் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. கம்பிக்கு வேறு கணக்கு. ஜல்லிக்காக நம் மலைகள் உடைவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

புதுக்கினால்: சுவருக்கான உமிழ்வு எப்போதோ முடிந்துவிட்டது. உளுத்த கழுக்கோல் (கூரையின் சாய்வு மரம்), பட்டியல் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), உடைந்த ஓடு, இவற்றுக்கு மாற்று மட்டும்தான் புதிது.

செலவு

புதுக்க: பெரும்பாலும் குறைவு. ஆனால் கூரையைப் பிரித்தால்தான் முழுச் சேதமும் தெரியும்.
புதிதாகக் கட்ட: அதிகம்; முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

ஆயுள்

ஓடு: பத்மநாபபுரம் அரண்மனை மரமும் ஓடுமாக நூற்றாண்டுகள் தாண்டி நிற்பது பராமரிப்பால்தான். மழைக்கு முன் வருஷாவருஷம் ஆள் ஏற வேண்டும். 2017 ஒக்கி போன்ற புயலில் ஓடு பறக்கும்.
கான்கிரீட்: காற்றுக்கு அசையாது. ஆனால் குளச்சல், முட்டம் கடலோரத்தில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருவேறி வீங்கும்; தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும்.

சுவர் நேராக, விரிசலின்றி இருந்தால் புதுக்குங்கள், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அஸ்திவாரம் இறங்கியிருந்தாலோ மாடி கட்டாயம் என்றாலோ இடிக்கலாம். அப்போதும் கதவு, ஜன்னல், உத்தரம், நல்ல ஓடுகளைக் கழற்றிப் புது வீட்டில் சேருங்கள்.